ஓடும் வண்டியில் ஒரு முகம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு முழங்கால் வலியில் ஆரம்பித்துச் சர்க்கரையில் முடிகிறது. இன்றைக்கு அதை விட்டுவிடுவோம். போன வாரம் இதே கல்கத்தாவில், சால்ட் லேக்கில் பேரன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பிள்ளை ஒரு கேமராவை வைத்துக்கொண்டு தட்டிய தட்டில் என்னைப் பத்துப் படம் எடுத்துவிட்டது. ஒன்றையாவது திரும்பிப் பார்த்ததா என்று கேட்டால், இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே ஒரு படத்துக்காக மூன்று பையன்களும் ஒரு பயந்தாங்கொள்ளியும் இரண்டு நாள் தண்டவாளத்தோரம் கிடந்தது ஞாபகம் வந்தது. அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் கிடர்பூரில் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். மாடிக் குடித்தனம். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்தின் தார் வாடையும் சணல் மூட்டை வாடையும் சேர்ந்து உள்ளே வரும். அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்தாள், மூன்றும் சேர்ந்துகொண்டன. எங்களோடு சித்தப்பாவும் இருந்தார். கல்யாணம் ஆகாதவர். சுங்க ஆபீசில் குமாஸ்தா. பல்லி கத்தினால் எழுந்து நின்றுவிடுவார். தெருவில் மாடு வந்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். வீட்டில் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை. "இவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?" என்று அப்பா அவர் எதிரிலேயே சொல்வார். சித்தப்பா சிரித்துக்கொண்டே மோர் ஊற்றிக்கொள்வார்.

எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவன் டாக்டர் மகன். எங்கள் தெருமுனையில் அவன் அப்பாவின் மருந்துக்கடை, பின்கட்டில் வீடு. கண்ணாடி போட்ட, எலும்பும் தோலுமான பெங்காலிப் பையன். எதையும் புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் நம்புவான். அவனுடைய மாமா அவனுக்கு ஒரு பாக்ஸ் கேமரா வாங்கிக் கொடுத்திருந்தார். கறுப்புத் துணி ஒட்டிய சின்னப் பெட்டி. மேலே ஒரு கண்ணாடிச் சதுரம்; குனிந்து அதில் பார்த்தால் உலகம் இட வலம் மாறித் தெரியும். பக்கத்தில் ஒரு திருகு, ஒரு சின்ன நெம்பு. நெம்பைத் தட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் அதன் ஜாலம்.

இன்னொருவன் டிரைவர் மகன். ஆங்கிலோ-இந்தியர் என்று பின்னால் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் சட்டைக்காரர்கள் என்பார்கள். அவன் அப்பா ரயில் டிரைவர். ஹௌராவுக்கும் கரக்பூருக்கும் நடுவே மெட்ராஸ் மெயிலை ஓட்டியவர். நாங்கள் ஊருக்குப் போகும்போது எங்களை முதலில் இழுத்துக்கொண்டு போகிறவர் அவர்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை. அப்பாவுக்கு அந்தப் பெருமை இல்லை. "அந்த ஆள் கண்ணைப் பார்த்தியா? ரத்தச் சிவப்பு. குடிக்காமல் அப்படிச் சிவக்குமா? அவன் பிள்ளையோட உனக்கென்ன சிநேகம்?" என்பார். இஞ்சின் மேடையில் நின்று எதிர்காற்றையும் கரித்தூளையும் வாங்கினால் எவன் கண்ணும் சிவக்கும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே அது தோன்றப் பல வருஷம் ஆயிற்று.

டிரைவர் மகனுக்குத் தாயார் இல்லை. நாங்கள் கிடர்பூருக்குக் குடிவருவதற்கு முன்பே இறந்துபோய்விட்டாள். அதைப் பற்றி அவன் பேசமாட்டான், நாங்களும் கேட்கமாட்டோம். அந்த வருஷம் கோடை ஆரம்பத்தில் ஒரு நாள் மருந்துக்கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னான்:

"என்னை மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார் அப்பா. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரலாம்."

 எங்களுக்குள் பேச்சு எப்போதும் பெங்காலியும் இந்தியும் இங்கிலீஷும் கலந்த ஒரு கஞ்சி. நான் தமிழில்தான் சொல்ல முடியும்.

"போவதற்கு முன்னால் எனக்கு அப்பாவின் படம் ஒன்று வேண்டும்" என்றான் டிரைவர் மகன்.

"ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போயேன்" என்றான் டாக்டர் மகன்.

"கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். வர்ணத் துணிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார நான் ஜமீன்தாரா என்கிறார். இஞ்சின் ஷெட்டுக்குள் கேமராவை விடமாட்டார்கள். ஸ்டேஷனில் இஞ்சின் பக்கம் நிற்கவே விடமாட்டார்கள். ஓடும்போதுதான் எடுக்க வேண்டும்."

டாக்டர் மகன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். "ஓடுகிறதை இந்தப் பெட்டி பிடிக்காது. புத்தகத்தில் போட்டிருக்கிறது. நெம்பு திறந்து மூடுவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். வெறும் புகை மாதிரி விழும்."

"மெதுவாக ஓடினால்?"

"மெயில் எங்கே மெதுவாக ஓடும்?"

அது டிரைவர் மகனுக்குத் தெரிந்திருந்தது. ஹௌராவுக்கு மேற்கே ஒரு சின்ன ஸ்டேஷனைத் தாண்டி ஆற்றுப் பாலம் ஒன்றைப் பழுது பார்க்கிறார்களாம். எந்த வண்டியானாலும் அங்கே நடைவேகத்துக்கு இறங்கியாக வேண்டும் என்று அவன் அப்பா சாப்பாட்டு மேஜையில் அலுத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் ஒரு பாசஞ்சரைக் கரக்பூருக்கு ஓட்டிக்கொண்டு போவார். ஞாயிறு காலையில் மெயிலோடு திரும்புவார். ஆக இரண்டு சந்தர்ப்பம். அதற்கு அடுத்த வாரம் அவன் மலைக்குப் போயாக வேண்டும்.

"அங்கேயே தங்கிவிடுவோம்" என்றேன் நான். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. சொன்ன பிறகு மூன்று பேருக்கும் அதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

வீட்டில் சம்மதம் வாங்கியது தனிக் கதை. அம்மா, "சட்டைக்காரப் பிள்ளை கண்டதையும் கொண்டுவந்து சாப்பிடும்" என்றாள். அப்பா, "ரயில் ரோடு பக்கம் இந்தக் காலத்தில் பையன்கள் போகலாமா?" என்றார். அவர் பயம் வெறும் பயமில்லை. தண்டவாளத்தில் குண்டு வைக்கிறார்கள், பள்ளிக்கூடப் பையன்களே வைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷங்கள் அவை. நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். மறுநாளும் படுத்துக்கொண்டேன். கடைசியில் சித்தப்பா, "நான் வேணா கூடப் போயிட்டு வரேன், அண்ணா" என்றார்.

அப்பா சிரித்தே விட்டார். "நீயா? உனக்கு யார் துணை?"

ஆனாலும் அனுப்பினார்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கிறார் என்று டாக்டர் வீட்டிலும் விட்டார்கள். டிரைவர் மகன் தன் அப்பாவிடம் டாக்டர் மகனோடு போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தான். எதற்கென்று சொல்லவில்லை.

சித்தப்பா துறைமுகத்தில் யாரையோ பிடித்துக் கிழிந்த கப்பல் பாய் ஒன்று வாங்கி வந்தார். கெட்டித் துணி, தார் வாடை, மடிப்பில் உப்பு பூத்திருந்தது. அதுதான் எங்கள் கூடாரம். அம்மா புளியோதரையும் முறுக்கும் கட்டிக் கொடுத்தாள். டாக்டர் வீட்டிலிருந்து ஒரு மண்சட்டி நிறையச் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு. டிரைவர் மகன் ஒரு பிஸ்கட் டப்பாவில் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் கொண்டுவந்தான். டிராமில் ஏறி, ஹௌராவின் மிதவைப் பாலத்தை நடந்து கடந்தோம். காலுக்கடியில் பாலம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. சித்தப்பா கைப்பிடியை விடவே இல்லை. கப்பல் பாய்ச் சுருட்டை நான் ஒரு முனையிலும் டிரைவர் மகன் மறுமுனையிலும் தூக்கிக்கொண்டு போனோம். பெட்டியை மட்டும் டாக்டர் மகன் யாரிடமும் தரவில்லை.

ரயிலேறி அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கி, ரயில் லயன் ஓரமாக நடந்து பாலத்தைப் பார்த்தோம். மண்ணில் நட்ட எச்சரிக்கைப் பலகை, பக்கத்தில் இரும்புச் சாமான் குவியல். சனிக்கிழமை என்று வேலையாட்கள் போய்விட்டார்கள். கரையை ஒட்டி ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரரின் மனைவி ஒரு சமயம் டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவளாம். அவர் பேரைச் சொன்னதும், "எங்கே வேண்டுமானாலும் இருங்கள், காயில் மட்டும் கை வைக்காதீர்கள்" என்றாள். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டிப் பாயைப் போட்டோம்.

சாப்பிடும் நேரத்தில் டிரைவர் மகன் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு தள்ளி வேறு மரத்தடிக்குப் போனான். சித்தப்பா புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எங்கே போறான் அவன்?"

"முட்டை வச்சிருக்கான், சித்தப்பா. நீங்க இருக்கீங்கன்னு..."

"இங்கேயே வந்து உட்காரச் சொல்லு. நான் ஒண்ணும் முட்டைக்குப் பயப்படறவன் இல்லை."

அவன் வந்து உட்கார்ந்தான். சித்தப்பா அவனுக்குப் புளியோதரை வைத்தார். காரம் தாங்காமல் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டான்.

ஒரு பிலிம் சுருளில் ஆறே படம்தான். டாக்டர் மகன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றான். ஒரு சரக்கு வண்டி வந்தபோது ஒன்று எடுத்தான். ஒரு லோக்கல் வந்தபோது இன்னொன்று. தோப்பில் கிடந்த மரக்குற்றி ஒன்றின் மேல் பெட்டியை வைத்து, மூச்சை அடக்கி, "அசையக் கூடாது, அசையக் கூடாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு எடுத்தான். பெட்டி ஒரு மயிரிழை அசைந்தாலும் படம் கெட்டது என்பது அவன் வேதம். எங்களுக்கும் அதையே மனப்பாடம் செய்வித்தான்.

பாசஞ்சர் வருகிற நேரம் நெருங்கியபோது வடமேற்கில் வானம் மையாகக் கறுத்தது. கல்கத்தாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் வெயில் உச்சத்துக்குப் போனதும் வருமே, கால்பைசாகி, அந்தப் புயல். முதலில் காற்றே இல்லாமல் ஒரு இலைகூட அசையவில்லை. பிறகு தூசி. பிறகு பச்சை மாங்காய்கள் தலையில் விழுந்தன. கப்பல் பாய் ஒரு தடவை வயிற்றை உப்பிக்கொண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்து வேலியில் போய்ச் சிக்கியது. டாக்டர் மகன் சட்டையைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றி, அதன்மேல் குப்புறப் படுத்துவிட்டான்.

அந்த இருட்டில் பாசஞ்சர் வந்தது. இஞ்சினின் நெருப்புச் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. டிரைவர் மகன் மழையில் கரையேறி நின்று கையை ஆட்டினான். அவன் அப்பா பார்க்கவில்லை. யாரால்தான் பார்க்க முடியும்? கடைசிப் பெட்டியும் பாலத்தைத் தாண்டிப் போன பிறகும் அவன் இறங்கவில்லை.

"வீட்டுக்குப் போய்விடலாமா?" என்றேன் நான். பல் கிட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கள் போங்கள்" என்றான் அவன். "நாளைக்கு மெயில் இருக்கிறது. நான் இங்கேதான்."

அதற்குமேல் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. புயல் அரை மணியில் நின்றது. வேலியிலிருந்து பாயை எடுத்து, பிழிந்து, மறுபடி கட்டினோம். நனைந்த முறுக்கைத் தின்றோம். இடி இடித்த நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்த சித்தப்பா, அறுந்த கயிற்றை எல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தி வெளிச்சத்தில் ஊர்க் காவல்காரன், சௌக்கிதார் ஒருவன், தடியோடு வந்து எங்களையும், சட்டைக்குள் பொதிந்து வைத்திருந்த கறுப்புப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "அது என்ன?" என்றான். "படம் எடுக்கிற பெட்டி" என்றோம். "லயன் ஓரத்தில் என்ன படம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனான்.

விடிந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. டாக்டர் மகனுக்கு ஒரே சந்தோஷம். வெயில் கிழக்கே இருந்து வருகிறது, மெயில் மேற்கே இருந்து வருகிறது, இஞ்சினின் முகத்தில் நேரே வெளிச்சம் விழும் என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினான். டிரைவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பது அவர் மகனுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில், கரைச் சரிவில் குற்றியை நட்டோம். சோதனைக்காக ஒரு வண்டியை எடுத்ததில் இன்னொரு படம் போயிற்று. அதே குற்றியிலிருந்து மறுபடி ஒன்று. இரண்டு பாக்கி.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் அதிகாரி, தாரோகா, ஒரு மட்டக்குதிரையில்; பின்னால் ஒரு கான்ஸ்டபிளும் நேற்றைய சௌக்கிதாரும். தாரோகா இறங்கி நேரே டாக்டர் மகனின் காதைப் பிடித்தார். கண்ணாடி போட்ட பெங்காலிப் பையன், கையில் கறுப்புப் பெட்டி, பக்கத்தில் பாலம். அவருக்கு வேறென்ன தோன்றும்?

"என்னடா இதில்?"

"கேமரா."

"திற."

"திறந்தால் எடுத்த படமெல்லாம் போய்விடும். வெளிச்சம் படக்கூடாது."

"வெளிச்சம் படக்கூடாதாம்!" தாரோகா கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். "கல்லை எடுத்து உடை."

கான்ஸ்டபிள் கல்லை எடுத்தான். ஆனால் பக்கத்தில் வரவில்லை. குண்டென்று நினைக்கிற பெட்டியை எவன் கல்லால் அடிப்பான்? தாரோகா மறுபடி கத்தினார். டாக்டர் மகன் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். காது சிவந்து நீலமாகிவிட்டது, விடவில்லை.  அப்பாவின் உத்தியோகம், கம்பெனித் துரை, எல்லாம் ஒரு கணத்தில் கண்ணுக்கு முன் வந்து போயின.

சித்தப்பா மரத்தடியிலிருந்து நடந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.  வந்தவர் டாக்டர் மகன் கையிலிருந்து பெட்டியை வாங்கி, அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். தமக்குத் தெரிந்த அரைகுறை பெங்காலியில் சொன்னார்:

"தாரோகா பாபு, இது குண்டு என்கிறீர்கள். என் மடியிலேயே வெடிக்கட்டும். நீங்கள் எல்லாரும் அந்த மரத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அமுக்குகிறேன்."

"சித்தப்பா, வேண்டாம்" என்றேன். எதற்காக வேண்டாம் என்றேன்? அது கேமரா என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

தாரோகா நிஜமாகவே மரத்துக்குப் பின்னால் போனார். கான்ஸ்டபிள் அதற்கும் பின்னால் இருந்த மரத்துக்குப் போனான். சித்தப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நெம்பைத் தட்டினார். 'டக்.' ஒரு காகம் கத்தியது. வேறொன்றும் ஆகவில்லை.

தாரோகா தலையை நீட்டினார். "இன்னொரு தடவை அமுக்கு."

"முடியாது" என்றார் சித்தப்பா, கண்ணைத் திறந்து. "ஒண்ணுதான் பாக்கி. அது இந்தப் பையனோடது."

எங்கள் வீட்டில் யாரும் சித்தப்பா 'முடியாது' என்று சொல்லிக் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் தூரத்தில் சிக்னல் கை சடக்கென்று இறங்கியது. மெயில். தாரோகா அசடு வழிந்ததை மறைக்கக் குரலை உயர்த்தினார். "எது எப்படியானாலும் லயன் ஓரம் நிற்கக் கூடாது. கீழே இறங்குங்கள் எல்லாரும்!" சித்தப்பா பெட்டியை டிரைவர் மகனிடம் நீட்டினார். குற்றி தாரோகாவின் காலடியில் சாய்ந்து கிடந்தது. அதை மறுபடி நட நேரமில்லை. டிரைவர் மகன் பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தாரோகாவின் எதிரே வந்து நின்றான்.

"அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறவர் என் அப்பா. நான் படம் எடுக்கத்தான் போகிறேன். நம்பிக்கை இல்லாவிட்டால் என்னைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்."

தாரோகா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் இடுப்புப் பட்டையைப் பின்னால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இருவரும் சரிவில் ஏறி நின்றார்கள்.

மெயில் வந்தது. முதலில் தண்டவாளத்தில் ஒரு கிசுகிசுப்பு. பிறகு பிரேக்கின் கீச்சொலி, நீராவி, வெந்த எண்ணெய் வாடை. பலகையைக் கண்டு வேகம் குறைந்து குறைந்து, இஞ்சின் காலை வெயிலில் பச்சையும் பித்தளையுமாகப் பளபளத்துக்கொண்டு எங்களை நோக்கி ஊர்ந்தது. குறைந்த வேகம் என்றாலும் பக்கத்தில் நின்றால் மலை நகர்ந்து வருகிற மாதிரித்தான். டிரைவர் வெளியே சாய்ந்து நின்றிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. பாலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ! அசையாதே!" என்று கத்தினான் டாக்டர் மகன்.

டிரைவர் மகன் கண்ணாடிச் சதுரத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கண் அவன் அப்பாவின் மேல் இருந்தது. இஞ்சின் நகர நகர அவன் தலை திரும்பியது, தலையோடு தோள், தோளோடு வயிற்றில் இருந்த பெட்டி. பட்டையைப் பிடித்திருந்த தாரோகாவும் கூடவே திரும்பினார். அந்தத் திரும்பலுக்கு நடுவில் 'டக்' என்றது.

பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஜன்னலில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தது. எல்லாம் போன பிறகு டாக்டர் மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அசைத்துவிட்டாய்" என்றான். "கெட்டுப்போயிற்று."

டிரைவர் மகன் பெட்டியைத் துடைத்து அவனிடம் கொடுத்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தர்மதல்லாவில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். படம் கழுவுகிறவர் முணுமுணுக்கிற சுபாவக்காரர். சுருளைக் கழுவி எடுத்துவந்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இது மரம், இது புகை, இது யாரோ ஒருவருடைய மூக்குத் துவாரம்..." என்றார். அது சித்தப்பாவுடையது. கடைசிப் படத்துக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார். "கை ஆடியிருக்கிறது. பின்னால் இருக்கிற மரமெல்லாம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது பார். இதற்குக் காகிதம் தண்டம்."

"போட்டுக் கொடுங்கள்" என்றான் டிரைவர் மகன்.

"சொல்கிறேனே, தம்பி..."

"போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் நான் போகமாட்டேன்."

அவர் உள்ளே போனார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து அவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது ஈரக் காகிதத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, வேறு ஆள் மாதிரி வந்தார். "யார் எடுத்தது இது?" என்றார்.

படத்தில் மரங்களும் வேலியும் தந்திக் கம்பமும் கோடு கோடாகக் கரைந்திருந்தன. பாலத்தின் இரும்பு தண்ணீராக ஓடியிருந்தது. அதற்கு நடுவில் இஞ்சின் மேடையும் அதில் சாய்ந்து நின்ற மனிதரும் செதுக்கினது போல நின்றார்கள். மகன் அப்பாவோடு திரும்பியதால் அப்பா மட்டும் அசையவில்லை. உலகம்தான் அசைந்திருந்தது. முகம் ஒரு நெல்மணி அளவுதான். ஸ்டுடியோக்காரர், சொல்லாமலே, அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார். நெற்றியின் சுருக்கம், மீசையில் கரி, இடுங்கின கண். அந்தக் கண்ணில் அப்படியொரு கவனம். அதைக் குடிகாரன் கண் என்று சொல்ல எவனாலும் முடியாது.

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனோம். எங்களையும் கூட வரச் சொன்னான், பயம்தான். டிரைவர் குளித்துவிட்டு, பனியனோடு மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மகன் படத்தை டீக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். அவர் பார்த்தார். எடுத்துப் பார்த்தார். ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தார்.

"லயன் ஓரத்தில் நின்றாயா?" என்றார். குரல் உறுமியது. "எத்தனை பேர் அடிபட்டுச் செத்திருக்கிறார்கள் தெரியுமா? எதற்குடா இது? வருஷம் முடிந்து லீவுக்கு வந்தால் நான் இங்கேதானே இருக்கப்போகிறேன்? என் மூஞ்சி எங்கே ஓடிவிடும்?"

மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நிமிர்ந்தான்.

"அம்மா முகம் எனக்கு மறந்துபோய்விட்டது" என்றான்.

அவன் அம்மாவைப் பற்றிப் பேசி நாங்கள் கேட்டதும் அதுதான் முதல் தடவை. டாக்டர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"முதலில், அவள் பக்கத்தில் வந்து குனிவதாக நினைத்துப் பார்த்தால் முகம் தெரிந்தது. பிறகு தூரத்தில் நிற்பதாக நினைத்தால் மட்டும் தெரிந்தது. இப்போது புடவைத் தலைப்பு மாதிரி போட்டுக்கொள்வாளே, அந்தச் சால்வைதான் தெரிகிறது. முகம் வரவில்லை. அவளைப் படமும் எடுக்கவில்லை. உங்கள் முகமும் அப்படிப் போய்விடும்."

அந்தப் பெரிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் போன நாளிலிருந்து அவளைப் பற்றி அந்த வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசினதில்லையாம். பையன் மறந்துவிட்டால் அவனுக்கு நல்லது என்று நினைத்திருக்கிறார். கோப்பையைத் தள்ளி வைத்தார். நாங்கள் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தோம்.

"நீங்கள் இரண்டு பேரும் எங்கே போகிறீர்கள்? உட்காருங்கள்" என்றார். "நானும் மறந்துவிடலாம். அப்போது இவனுக்கு ஞாபகப்படுத்த ஆள் வேண்டும். கேட்டுக்கொள்ளுங்கள்."

உட்கார்ந்தோம். அவர் மகனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். அகலமில்லாத நெற்றி. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தது. தேநீர் நிறக் கண். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள், முன்பல் ஒன்று கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். காது மடல் ஒட்டினாற்போல இருக்கும். "தாடை..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மகனின் முகவாயைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்தார். "தாடை இதுதான். இதே தாடை. தொட்டுப் பார்." அவன் தன் தாடையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். விளக்கேற்றும் நேரம் வரை அவர் சொன்னார். ஒன்றையே இரண்டு தடவை, மூன்று தடவை சொன்னார். எங்களையும் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

அவன் மலைக்குப் போனான். பின்னால் வேறு ஊரில் ரயில்வேயிலேயே வேலைக்குச் சேர்ந்தான். அவன் அப்பாவும் டாக்டர் மகனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் படம் வீடு மாறியதில் தொலைந்ததாகக் கேள்வி. நாங்கள் கரியாஹாட் பக்கம் குடிபோன பிறகு, தலை நரைத்த காலத்தில், ஒரு நாள் வழி விசாரித்துக்கொண்டு அவன் வந்தான். காபி குடித்தான். என் பிள்ளைகளை விசாரித்தான். எழுந்து போகும்போது வாசலில் நின்றான்.

"வெட்டு எந்தப் புருவத்தில்? எனக்கு இப்போது குழம்புகிறது" என்றான்.

"இடது" என்றேன்.

நின்றபடியே நெற்றியிலிருந்து முழுவதும் சொன்னேன். நான் ஒரு தடவைகூடப் பார்த்திராத அந்த அம்மாளின் முகத்தை, தாடை வரைக்கும். அவன் கேட்டுக்கொண்டு போனான்.